கிளாக்கோமா: கண் டாக்டர்கள் மாநாட்டில் நமக்கான செய்திகள்



என் பெரியப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பின் ஒரு கண் முகாமில் அவரைப் பரிசோதித்து, கிளாக்கோமா இருக்கிறது என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஒழுங்காகப் போட்டார். பிறகு, "பார்வை ஒன்றும் கூடக் காணோமே, எதற்கு வீண் செலவு?" என்று நிறுத்திவிட்டார். கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை, பேப்பர் படிக்க முடிந்தது. அதனால் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. சில ஆண்டுகள் கழித்து, குடத்தில் தண்ணீர் தூக்கி வந்த பெரியம்மாவை வாசலில் இடித்துத் தள்ளிய பிறகுதான், பக்கத்தில் வருவது எதுவும் தனக்குத் தெரியவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. போன பார்வையை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியவில்லை.

அந்த மருந்து பார்வையைக் கூட்டுவதற்கு அன்று, இருக்கிற பார்வையைக் காப்பதற்கு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எங்களுக்கும் அன்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கம் 1930-இல் தோன்றியது. ஆண்டுதோறும் நாட்டின் ஒரு நகரில் அதன் மாநாடு கூடுகிறது. கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தனித்தனிச் சங்கங்களும் மாநாடுகளும் உண்டு. கிளாக்கோமா நிபுணர்களுக்கென்றே ஓர் அகில இந்தியச் சங்கமும் இருக்கிறது. இத்தகைய மாநாடுகளில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் பேச்சு நடக்கும். எந்த அமர்வுக்குப் போவது என்று டாக்டர்கள் நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வார்கள். நம்மால் அங்கே போய் உட்கார முடியாது. ஆனால் கிளாக்கோமா பற்றி அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளில் ஐந்து, நம் லைன் வீடுகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. அந்த ஐந்தையும் நாமும் குறித்துக்கொள்வோம்.

நோய் என்ன?

நம் கண்ணுக்குள் தெளிவான நீர் ஒன்று ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. இது வெளியே வழியும் கண்ணீர் அன்று. கண்ணின் முன்பகுதியைச் சுற்றி வந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள 'கோணம்' என்னும் இடத்தில் சல்லடை போன்ற வடிகால் வழியாக வெளியேறுகிறது. சுரப்பும் வடிகாலும் சமமாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் அளவோடு இருக்கும். பாதரச அளவில் சுமார் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பு என்பார்கள். வடிகால் கெட்டால் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கண்ணின் பின்னால் உள்ள பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கும். அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. அறுந்த இழை மறுபடி முளைப்பதில்லை.

முதலில் போவது பக்கப் பார்வை. நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். இருட்டுச் சுரங்கத்தில் தலைவிளக்கின் வெளிச்சம் விழும் இடம் மட்டும் தெரிவதைப் போல, நோய் முற்றியவருக்கு நேர் எதிரே மட்டும் தெரியும். அதுவரை அவர் பேப்பர் படிப்பார், ஊசியில் நூல் கோப்பார். நோய் வந்ததே தெரியாது.

பழைய கதை ஒன்று

மாநாடுகளுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1857-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய சர்வதேசக் கண் மருத்துவ மாநாட்டில்தான் ஜெர்மனி நாட்டு டாக்டர் கிரேஃபே, கருவிழித் திரையில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துக் கிளாக்கோமாவைத் தணிக்கலாம் என்று அறிவித்தார். அடுத்த பெரிய படி ஒன்று நம் சென்னையிலேயே எடுக்கப்பட்டது. 1819-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனமான எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண்ணின் வெள்ளைப் பகுதி கருவிழியோடு சேரும் இடத்தில் சிறு வட்டத் துளை போட்டு நீரை வெளியேற்றும் அறுவை முறையை அவர் 1909-இல் வெளியிட்டார். உலகெங்கும் பல பத்தாண்டுகள் கையாளப்பட்ட முறை அது. நோயை வெல்லும் முயற்சியில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

முதல் அமர்வு: ஏன் கண்டுபிடிக்கப்படுவதில்லை?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. எண்ணிக்கையைவிட அதிர்ச்சி தருவது அடுத்த செய்தி. கோணம் திறந்த வகை இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு அது அதுவரை கண்டறியப்படவே இல்லை! சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் நடத்திய ஆய்வில், கோணம் திறந்திருந்தும் வரும் வகை கிராமத்தில் நூற்றுக்கு 1.62 பேருக்கும், நகரத்தில் 3.51 பேருக்கும் காணப்பட்டது. அங்கும் பெரும்பாலோர் அறியாதவர்களே.

அழுத்தம் மட்டும் பார்த்து, "சரியாக இருக்கிறது, போங்கள்" என்று அனுப்பினால் போதாது என்பதையும் டாக்டர்கள் வலியுறுத்துகிறார்கள். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. ஆகவே பாப்பாவை விரியச் செய்து பார்வை நரம்பைப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் பக்கப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்டும், நரம்பின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. படமும் தேவைப்படும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதைக் கண் பரிசோதனை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரிய தவறு.

இரண்டாம் அமர்வு: கோணம் குறுகியவர்களுக்கு என்ன செய்வது?

நம்மில் பலருடைய குடும்பம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து இங்கே வந்தது. அந்த வேலூரில் 30 முதல் 60 வயது வரையுள்ள 972 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1998-இல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு 43 பேரிடம் கோண அடைப்பு வகை காணப்பட்டதாக அது கூறியது. பின்னர் வந்த ஆய்வுகளில் எண்ணிக்கை இவ்வளவு உயரவில்லை. ஆனாலும் ஆசிய மக்களிடம் இந்த வகையை அலட்சியம் செய்யக் கூடாது என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

கோணம் திடீரென்று முழுதாக அடைபட்டால் கடும் கண் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் எல்லாம் வரும். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று நினைத்து வீட்டில் படுத்திருந்தால் ஓரிரு நாளில் பார்வை போய்விடலாம். உடனே கண் டாக்டரிடம் ஓட வேண்டிய நிலை இது.

அடைப்பு வருமுன்னே லேசரால் கருவிழித் திரையில் சிறு துளை போட்டுவிடலாமா? சீனாவின் குவாங்சோவில் கோணம் குறுகிய 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் போட்டு ஆறு ஆண்டுகள் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. அடைப்பு முற்றியதன் அடையாளம் லேசர் போட்ட கண்களில் 19-இலும், போடாத கண்களில் 36-இலும் தெரிந்தது. பலன் உண்டு, ஆனால் போடாத கண்களிலும் ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆகவே எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேசர் போட வேண்டியதில்லை, ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே இன்றைய போக்கு. உங்களுக்கு லேசர் சொன்னால், "என் கோணம் எந்த நிலையில் இருக்கிறது டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாம் அமர்வு: சொட்டு மருந்தா, லேசரா?

கோணம் திறந்த வகைக்கு முதலில் சொட்டு மருந்து என்பதே நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தில் ஆறு மருத்துவமனைகளில் 718 பேரிடம் நடந்த ஆய்வு அதை மாற்றியது. ஒரு பாதிப் பேருக்கு மருந்தும், மறுபாதிக்கு வடிகாலைத் தூண்டும் மென்மையான லேசரும் முதலில் கொடுத்தார்கள். லேசர் பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு மூன்று ஆண்டுகள் ஆன பின்னும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை என்று 2019-இல் தெரிவித்தார்கள். அந்நாட்டு மருத்துவ வழிகாட்டிக் குழு 2022-இல் இந்த லேசரையே முதல் சிகிச்சையாகச் சொல்லத் தொடங்கியது. மாதந்தோறும் மருந்து வாங்க முடியாத குடும்பத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் லேசரின் பலன் காலப்போக்கில் குறையலாம். லேசர் போட்டாயிற்று என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

நான்காம் அமர்வு: மருந்தும் மற்ற நோய்களும்

சுரங்கத்தில் உழைத்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். டிமோலால் என்னும் மருந்து கிளாக்கோமாவுக்கு மலிவான, நல்ல மருந்து. ஆனால் கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியே இறங்கி இரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக் குழலைச் சுருக்கிவிடும். கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சு வாங்குபவர்களும், நாடித் துடிப்பு குறைந்தவர்களும் அதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்குத்தானே போகிறோம், நெஞ்சைப் பற்றி எதற்குப் பேச்சு என்று இருந்துவிடாதீர்கள். மாற்று மருந்துகள் உண்டு. எந்தச் சொட்டு போட்டாலும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து உள்ளே இறங்குவது குறையும்.

இன்னொன்று ஸ்டீராய்டு. சயனைடு மண் மேட்டுத் தூசு காற்றில் வந்து கண் உறுத்தினால், மெடிக்கல் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு வாங்கிப் போடுவது நம்மிடையே பழக்கம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் உறுத்தல் உடனே அடங்கும். தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். குழந்தைகளுக்கும் இது நேரும். டாக்டர் சீட்டு இல்லாமல் கண்ணில் எதையும் விடாதீர்கள். மூச்சு நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். கண் அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் அமர்வு: அறுவை எப்போது?

மருந்தும் லேசரும் போதாதபோது அறுவை. 1968-இல் இங்கிலாந்து டாக்டர் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட, நீருக்குப் புது வழி அமைக்கும் முறைதான் இன்றும் முக்கியமானது. அதுவும் பலிக்காதவர்களுக்குச் சிறு குழாய்க் கருவி பொருத்துகிறார்கள். வெளிநாட்டுக் கருவி விலை அதிகம். மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் குறைந்த விலையில் இத்தகைய கருவியைத் தயாரித்துத் தருகிறது. அறுவைக்குப் பின்னும் இழந்த பார்வை திரும்பாது, மிச்சம் காக்கப்படும். கண் புரை போல் எண்ணி, முற்றட்டும் என்று காத்திருப்பது இங்கே பெரும் கேடு.

நாம் செய்ய வேண்டியது

ஐந்து அமர்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். டாக்டர்களிடம் மருந்து இருக்கிறது, லேசர் இருக்கிறது, கருவி இருக்கிறது. ஆனால் பார்வை நன்றாக இருக்கும்போதே நாம் போய் உட்கார்ந்தால்தான் அவை எல்லாம் பயன்படும்.

40 வயது கடந்த எல்லோரும் ஒரு முறையாவது பார்வை நரம்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் போக வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் ஆபத்து பல மடங்கு. அவர்கள் 40 வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும், அதிக மைனஸ் பவர் கண்ணாடி போடுபவர்களும் தாமதிக்கக் கூடாது. நம் ஊரில் கண் முகாம் நடந்தால், புரையை மட்டுமின்றி அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரிவான பரிசோதனை வேண்டுமென்றால், நம் சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பெங்களூர். அங்கே அரசு மிண்டோ கண் மருத்துவமனை இருக்கிறது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, வேலை தேடி நம் பிள்ளைகள் தினமும் அதே ரயிலில்தான் போய் வருகிறார்கள். ஒரு நாள் அப்பாவையோ அம்மாவையோ கூட அழைத்துப் போங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால், "இது பார்வையைக் கூட்டாது அப்பா, இருப்பதைக் காக்கும்" என்று அன்றே சொல்லிவிடுங்கள். என் பெரியப்பாவுக்கு நாங்கள் சொல்லத் தவறிய சொல் அதுதான்.