போத்தலுக்குள் தேட வேண்டாம்

தோட்டத்து லயங்களுக்கும் தாமான் வீடுகளுக்கும் இப்போதெல்லாம் ஒரு விருந்தாளி வருகிறார். கையில் பை, பைக்குள் பளபளக்கும் போத்தல். "ஆன்டி-ஆக்சிடன்ட் சாறு அக்கா! இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் பறந்துவிடும்" என்கிறார். வருகிறவர் பெரும்பாலும் சொந்தக்காரர். மறுக்க மனம் வருவதில்லை. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த வெள்ளி போய்விடுகிறது.

பணத்தை எடுக்குமுன் கொஞ்சம் கேளுங்கள், தாய்மார்களே.

பால்வெட்டுக் கத்தியை ஈரத்தில் போட்டால் துருப்பிடிக்கிறதல்லவா? சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்கும்போது உடம்புக்குள்ளும் அதைப் போன்ற ஓர் அரிப்பு நடக்கிறது. அதைத் தடுப்பவையே ஆன்டி-ஆக்சிடன்ட். பெருத்த இடுப்பு, 130/85க்குக் குறையாத இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 5.6 அல்லது அதற்கு மேல் சீனி, கூடிய டிரைகிளிசரைடு கொழுப்பு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தால் மருத்துவர்கள் அதை 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்பார்கள். அப்போது அரிப்பும் கூடுகிறது. இடுப்பு அளவு நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் எட்டக்கூடாது. தையல் நாடா போதும், இன்றே அளந்து பாருங்கள்.

2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், பெரியவர்கள் ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. நம்மவர்களிடையே இன்னும் அதிகம்.

அந்தக் காலத்துப் பாட்டிமார் விடியுமுன் 400, 500 மரங்களைச் சுற்றிவந்தார்கள். அவர்களுக்கு எவரும் உடற்பயிற்சி சொல்லித்தரவில்லை! இன்றோ பலருக்கு உட்கார்ந்த வேலை; பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள். தசை வேலை செய்யும்போது சிறிது அரிப்பு உண்டாகத்தான் செய்யும். அதுவே உடம்புக்கு ஒரு தட்டல். உடனே உடம்பு தன் சொந்தக் காவலைப் பலப்படுத்திக்கொள்கிறது. 2009-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் இளைஞர்கள் 4 வாரம் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் சி, இ மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. மாத்திரை தின்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை! சிறிய ஆய்வுதான், ஆனால் சாறு விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

வேகமாக நடப்பது வாரத்துக்கு 150 நிமிடம் இருந்தால் நல்லது. நாளுக்கு அரை மணி, ஐந்து நாள்.

அடுத்தது நார்ச்சத்து. பெருங்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும் நாரை 'பிரிபயாடிக்' என்கிறார்கள். அவை அதைப் புளிக்கவைத்துத் தரும் அமிலங்கள் குடற்சுவரைக் காக்கின்றன. சீனியைக் கட்டுக்குள் வைக்கவும் துணைசெய்கின்றன. பெயர்தான் புதிது. சின்ன வெங்காயம், பூண்டு, பருப்பு, கொண்டைக்கடலை, அதிகம் பழுக்காத வாழைப்பழம், பார்லி எல்லாம் நம் அடுப்படிச் சரக்குகள்தாமே? தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கடலைப் பிரட்டலையும் கீரையையும் வையுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் குடியுங்கள்.

கிளினிக்கில் கொடுத்த மருந்தை எதற்காகவும் நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உணவை மாற்றுமுன் டாக்டரைக் கேட்கவேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் நடக்கப் புறப்படும்போது காலில் சப்பாத்தும் சட்டைப்பையில் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும். தலை சுற்றி வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம்.