சிமெண்ட் பூசும் முன் ஒரு மழைக்காலம் பொறுங்க

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் போனால் இன்று கண்ணில் படுவது தொழிற்சாலைச் சுவர்களும், தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடக் கட்டிய லைன் வீடுகளும்தான். அதற்கு இடம் தேடியே பல திண்ணை வீடுகள் இடிபடுகின்றன. இடிக்க மனசு வராதவர்கள் பழுது பார்க்கிறேன் என்று சுவர் முழுக்க சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அதுவும் மெதுவாக இடிப்பது மாதிரிதான்.

செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். அந்த அறையில் விதை நெல் வைத்திருந்தால்? விதைக்கு ஈரம் எமன். பூஞ்சணம் வரும், முளைப்புத்திறன் போய்விடும். பாரம்பரிய விதையைக் காப்பாத்தணும்னு பேசுற நாம, அது இருக்கிற சுவரையும் பார்க்க வேண்டாமா?

முதல் வேலைக்குக் கொத்தனார் வேண்டாம்; துடைப்பமும் மண்வெட்டியும் போதும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. சுவரோரம் சேர்ந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வெளியே ஓடச் சரிவு கொடுங்கள். முற்றத்துத் தண்ணீர் போகும் வழியில் அடைப்பு எடுங்கள். நழுவிய நாட்டு ஓடுகளைப் புரட்டாசிக்குள் மாற்றி அடுக்குங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்காதீர்கள், செங்கல்லும் கூட வந்துவிடும். அறுத்து, வேரைத் தோண்டி எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரைக் கவனியுங்கள். ஈரம் கீழிருந்து ஏறுதா, கூரையிலிருந்து இறங்குதா? வெடிப்பின் குறுக்கே காகிதத்துண்டு ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அதைப் பூசி மறைப்பதில் பயனில்லை, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும்.

பூச்சு வேலை தை, மாசியில். ஏற்கெனவே பூசிய சிமெண்டைத் தட்டிப் பாருங்க. டொப்பு டொப்புன்னு சத்தம் வரும் இடத்தை மட்டும் உளியால் எடுங்க. இறுகிப் பிடித்திருப்பதைச் சம்மட்டியால் அடித்தால் செங்கல்லின் முகமும் பெயர்ந்து வரும்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும். வடிகட்டி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்க்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றிக் குழைப்பது பழைய வழக்கம். சுவரை நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும், அதனால் அவசரப்பட்டால் நடக்காது. ஒரு வாரம் ஈரச்சாக்கு கட்டி வையுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். திருப்பணி நடக்கும் பழைய கோயில்களில் விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார். அவரோடு நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனையும் சித்தாளாக அனுப்பி வையுங்க.