பிளாஸ்டிக் மேலே பெயின்ட் நிற்குமா?

"சுவரிலே அடிச்ச பெயின்ட் அப்படியே இருக்கு. அதே பெயின்டை வாளியிலே அடிச்சா, பத்தே நாளிலே அப்பளம் மாதிரி உரிஞ்சு வருதே!"

எங்கள் மொட்டை மாடித் தோட்டத்தைப் பார்க்க வருகிற பெண்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டு விடுவார்கள். கைப்பிடி போன வாளி, வாய் உடைந்த குடம், பழைய டப்பா எல்லாவற்றுக்கும் வர்ணம் பூசிப் பூந்தொட்டியாக்குவது என் வழக்கம். இதில் சூட்சுமம் எதுவும் கிடையாது. பூசுவதற்கு முன்னால் செய்கிற வேலைதான் முக்கியம்.

சுவரிலும் மரத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பெயின்ட் அவற்றில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அந்த வசதி இல்லை. அதிலும் வாளி, குடம், நாற்காலி செய்கிற பாலிதீன், பாலிபுரொப்பிலீன் இரண்டும் மெழுகு மாதிரி. நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தாமரை இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக நிற்கும். தண்ணீரே ஒட்டாத இடத்தில் பெயின்ட் எப்படி ஒட்டும்?

சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 4 என்றால் பாலிதீன். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இவைதான் பிடிவாதக்காரப் பிள்ளைகள். 3 (பி.வி.சி.), 6 (பாலிஸ்டைரீன்) இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அமெரிக்காவில் என் தங்கை இருக்கும் மின்னசோட்டாவில் ஏரிகள் ஏராளம். இலையுதிர் காலத்தில் அங்கே வாத்து வேட்டை நடக்கும். நம் பக்கத்தில் கௌதாரிக்குப் 'பார்வை' வைப்பார்களே, அந்த மாதிரி அவர்கள் பிளாஸ்டிக் வாத்துகளைத் தண்ணீரில் மிதக்க விட்டு, பறந்து போகிற வாத்துகளை இறங்க வைப்பார்கள். அந்தப் பொம்மைகள் வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்து, மூட்டைக்குள் ஒன்றோடொன்று உரசுவதால் தலையிலும் மூக்கிலும் பெயின்ட் உரிந்துவிடும். அவற்றை மறுபடி பூசுகிறவர்களும் நான் கீழே சொல்கிற வழியில்தான் பூசுகிறார்கள்.

முதலில், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கைப்பிசுக்கும், அச்சிலிருந்து சாமானை எடுக்கத் தடவுகிற வழவழப்பும் போக வேண்டும். நன்றாகக் காயட்டும்.

அடுத்து, 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்குகிற வரை தேயுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு தரம் துடையுங்கள். அதற்கப்புறம் அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

மூன்றாவது பிரைமர். மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கிறது இங்கே உதவாது. பாலிதீனுக்கும் பாலிபுரொப்பிலீனுக்கும் ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிற பிளாஸ்டிக் பிரைமராகக் கேட்டு வாங்குங்கள். மெல்லிசாக ஒரு பூச்சுப் போதும்.

அதன்மேல் வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட். மண் நிரம்பிய வாளியைத் தூக்கும்போது அது வளைந்து கொடுக்கும். கெட்டியாகிப் போகும் எனாமல் அந்த வளைவில் வெடித்துவிடும். அக்ரிலிக் கூடவே வளையும். ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள். உச்சி வெயிலும் மழை நாளும் வேண்டாம். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தாலும், மண் போடுவதற்கு ஒரு வாரம் பொறுங்கள். கீரை, தக்காளி வைப்பதானால் வெளிப்பக்கம் மட்டும் பூசினால் போதும்.

முழுதும் பூசுமுன் அடிப்பக்கத்தில் சிறிது பூசிச் சோதித்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்ததும் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வர்ணம் வந்தால் கழுவுவதிலோ தேய்ப்பதிலோ குறை இருக்கிறது என்று அர்த்தம்.

தொழிற்சாலைகளில் பாலிதீன் பாட்டில் மேல் தீ ஜுவாலையை ஓட்டி, அச்சு மை பிடிக்கும்படி செய்வதுண்டு. அதைக் கேள்விப்பட்டு வீட்டில் அடுப்பில் காட்டிப் பார்க்காதீர்கள். ஆல்கஹாலும் பிரைமரும் சட்டென்று தீப்பிடிப்பவை. அடுப்படியை விட்டுத் தள்ளி, காற்றோட்டமாக மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டு விடுவது நல்லது.

இளம் தாய்மார்களே, தொட்டிக்குச் சொன்னது குழந்தையின் பொம்மைக்குப் பொருந்தாது. பொம்மை வர்ணம் மங்கினால் மங்கியே இருக்கட்டும். பல் முளைக்கிற குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். வீட்டு பெயின்ட் கடித்துச் சப்புவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

வர்ணம் உரிகிற பழைய பொம்மையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று எந்த அளவையும் உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. அந்தப் பொம்மையைத் தேய்த்துப் புதுசாக்கவும் வேண்டாம், தேய்க்கிற தூள்தான் ரொம்பக் கெடுதல். தாளில் சுற்றி எறிந்துவிட்டு, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தை உரிந்த பெயின்டைத் தின்றிருக்கும் என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க வழி உண்டு.

புதுப் பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். வர்ணம் பூசும் ஆசையை எல்லாம் பூந்தொட்டிகளோடு வைத்துக்கொள்வோம்!