அலமாரியில் உறங்கும் குரல்கள்

நம் பங்குகளில் உள்ள பல இல்லங்களில், இரும்பு அலமாரியின் மேல்தட்டிலோ பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலோ, பிஸ்கட் டப்பா ஒன்றினுள் நாலைந்து ஒலிநாடாக் கேசட்டுகள் இன்னும் கிடக்கக் காணலாம். அவற்றுள் சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவை வேறெங்கேனும் கிடைக்கும். வளைகுடா நாட்டில் உழைத்த தந்தை கடிதத்திற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட். மகளின் திருமணத் திருப்பலியில் பாடகர் குழு பாடியது. பாட்டியார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. இத்தகையவற்றிற்கு உலகில் வேறு பிரதி கிடையாது. பேசியவர்களுள் பலர் இன்று நம்மோடு இல்லை.

இந்தக் கேசட் என்னும் சாதனம் 1963-ஆம் ஆண்டு பெர்லின் வானொலிப் பொருட்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் பெல்ஜியத் தொழிற்சாலையில், லூ ஓட்டன்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில் உருவாயிற்று. கோட்டுப் பையில் அடங்கும் மரக்கட்டை ஒன்றை அவர் வைத்துக்கொண்டு, கருவி இந்த அளவைத் தாண்டலாகாது என்று விதித்தாராம். அவர் 2021-இல் காலமானார். கேசட்டினுள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். 60 நிமிடக் கேசட்டின் நாடா, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 18 கூறு தடிமனே உடையது. 90 நிமிடக் கேசட்டில் அது 12 கூறு. 120 நிமிடக் கேசட்டில் 9 கூறு. சிக்கனம் கருதி 120 நிமிடக் கேசட்டை வாங்கிய வீட்டார்தாம் இன்று மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டியவர்கள்.

அந்த மெல்லிய நாடாவின்மேல் காந்தத்துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை காலப்போக்கில் தளர்கிறது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு கழன்று விழுகிறது. டேப் ரிக்கார்டரினுள் உள்ள ரப்பர்ப் பட்டை இளகிப் பிசினாகிறது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஆகவே கேசட்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்ற எண்ணுவோர் அதை அடுத்த விடுமுறைக்கென்று தள்ளிவைப்பது நன்றன்று.

இப்பணிக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கூடம் எதையும் நாடவும் வேண்டியதில்லை. வேண்டுவது ஒன்றே: ஒலி எங்கே புறப்பட்டு, எந்த வாயிலால் கணினியினுள் நுழைந்து, எங்கே போய்ச் சேர்கிறது என்னும் வழியை அறிதல். விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டு வழியைக் கவனியாதவர்கள், சாதாரணக் கருவியை வைத்துக்கொண்டு வழியை அறிந்தவர்களிடம் தோற்றுப்போவதையே காண்கிறோம்.

எங்கள் பங்கில் ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். மறைந்த தாயாரின் குரல் உள்ள ஒரே கேசட். மகன் டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி ஒன்றை மடிக்கணினியில் செருகி, நாற்பத்தைந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தார். முடிந்தபின் போட்டுக் கேட்டால், மின்விசிறியின் ஓசையும் அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தமும் அவருடைய இருமலுமே பதிவாகியிருந்தன. தாயாரின் குரல் ஒரு சொல்கூட இல்லை. இரண்டாம் முறை ஓடவிட்டபோது நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. பென்சிலை விட்டு மெல்லச் சுற்றி மீட்டெடுத்தார்கள். குரல் தப்பியது, ஆயினும் தொடக்கத்தில் சில நிமிடங்கள் கசங்கிய நாடாவில் தேய்ந்தே ஒலிக்கின்றன.

இதற்குக் காரணம் யாது? இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் காதொலிக்கும் ஒலிவாங்கிக்கும் சேர்த்து ஒரே துளைதான் உண்டு. செல்பேசிக்கு வரும், ஒலிவாங்கியோடு கூடிய ஹெட்போனின் முளையை உற்றுப் பாருங்கள்: அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். சாதாரண ஸ்டீரியோ முளையில் இரண்டே வளையங்கள். இரண்டு வளைய முளையைச் செருகினால், கணினி அதை வெறும் ஹெட்போன் என்று கொண்டு, ஒலியை உள்ளே வாங்காமல் வெளியே அனுப்பவே முற்படுகிறது. பதிவு செய்வதற்கோ, தன் உடலிலேயே உள்ள சிறு ஒலிவாங்கியைத் திறந்து வைத்துக்கொள்கிறது. டேப் ரிக்கார்டரில் ஹெட்போன் துளையில் கம்பி செருகியதால் அதன் ஒலிபெருக்கியும் அடங்கிவிட்டது. எனவே அறையில் இருந்த ஓசை மட்டுமே பதிவாயிற்று. மென்பொருளின்மேல் பழியில்லை. அது காட்டிய வாயிலில் காத்து நின்றது. விருந்தாளியோ வேறு வாயிலில் நின்றார்.

மேசைக் கணினி வைத்திருப்போருக்கு இத்தொல்லை குறைவு. அதன் பின்புறத்தில் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கு உரியது, பச்சை, ஒலிபெருக்கிக்கு, வெளிர்நீலம், வெளிக்கருவிகளிலிருந்து ஒலியை வாங்குவதற்கு. நமக்கு வேண்டியது அந்த வெளிர்நீலத் துளையே. இளஞ்சிவப்பில் செருகினால், மெல்லிய ஒலியைப் பெருக்குவதற்கென அமைந்த அவ்விடத்தில் கேசட்டின் ஒலி மிகுந்து கரகரத்துப் போகும்.

மடிக்கணினிக்கு, யூ.எஸ்.பி. வழியாக இணையும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். பெரிங்கர் நிறுவனத்தின் யூ.சி.ஏ. 202, யூ.சி.ஏ. 222 என்பவை இவ்வகையின, உள்ளங்கையில் அடங்குபவை. வலப்புற ஒலிக்குச் சிவப்புத் துளையும் இடப்புற ஒலிக்கு வெண்துளையும் உண்டு. ஒரு முனையில் ஹெட்போன் முளையும், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமான இரு ஆர்.சி.ஏ. முளைகளும் உள்ள கம்பியைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற பெட்டிகள் மிக நல்லவையே. ஆனால் அவை முதன்மையாகப் பாடுவோருக்கும் கித்தார் வாசிப்போருக்கும் உரியவை. விளம்பரங்களில் ‘தாமதம் மிகக் குறைவு’ என்று பெருமை பேசுவார்கள். ஒலி கணினியினுள் சென்று திரும்பப் பிடிக்கும் நேரமே அத்தாமதம். 48,000 மாதிரிகளை ஒரு வினாடிக்கு எடுக்கும் கணினி, 256 மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால், அதற்கு ஏறத்தாழ வினாடியின் ஆயிரத்தில் 5 பங்கு நேரம் ஆகும். அந்நேரத்தில் ஒலி காற்றில் ஆறடி தூரம் செல்லும். தம் குரலைத் தாமே கேட்டுக்கொண்டு பாடுகிறவருக்கு இக்கணக்கு முக்கியம். முப்பது ஆண்டுகள் காத்திருந்த கேசட்டுக்கு இது ஒரு பொருட்டன்று. அதற்காகப் பணத்தை வீணாக்காதீர்கள்.

வீட்டுக் கணினி ஒலியைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டது அண்மைக் காலத்திலேதான். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை ஒலியின் ஏற்ற இறக்கத்தை 256 படிகளால் மட்டுமே அளந்தது. இன்று மலிவான பெட்டியும் 65,536 படிகளால் அளக்கிறது. கேசட்டின் தரத்திற்கு இது தாராளம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஆடாசிட்டி என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டான்னன்பர்க் என்னும் இருவர் 1999-இல் தொடங்கி, 2000-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. அதைத் திறந்தவுடன் சிவப்புப் பொத்தானை அழுத்த விரையாதீர்கள். முதலில் பதிவுக் கருவி எது என்று காட்டும் பட்டியலில், நீங்கள் இணைத்த யூ.எஸ்.பி. பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பின்பு ஒரு சோதனை: விரல் நகத்தால் மடிக்கணினியின் உடலை மெல்லச் சுரண்டுங்கள். அளவுமானி துள்ளினால் கணினி இன்னும் தன் ஒலிவாங்கியையே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். முக்கியமான கேசட்டைத் தொடுமுன், போனால் போகட்டும் என்னும் ஒரு கேசட்டை ஓட்டி இவற்றையெல்லாம் சரிபார்த்துக்கொள்வது அறிவுடைமை.

ஒலியின் அளவைப் பற்றி ஒரு சொல். கணினியில் சுழியம் டெசிபல் என்பது உச்சவரம்பு. அதற்குமேல் இடமே கிடையாது, தலை வெட்டப்படும். ஆதலின் மிக உரத்த இடத்திலும் அளவுமானி கழித்தல் 6-ஐத் தாண்டாதவாறு டேப் ரிக்கார்டரின் ஒலியளவைக் குறைத்து வையுங்கள். பதிவு மெல்லியதாக இருந்தால் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். வெட்டுண்டதை ஒட்ட வைக்க இயலாது.

கேசட்டுக்கும் சில மரியாதைகள் உண்டு. அதன் பின்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை முதலில் உடைத்துவிடுங்கள். அப்பொழுது தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. நாடா தொட்டுச் செல்லும் தலைப்பகுதியை, ஐசோபுரோப்பைல் ஆல்ககால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பல ஆண்டுகள் அசையாதிருந்த நாடாவை ஒருமுறை இறுதிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றினால் இறுக்கம் தளரும். நாடா அறுந்திருந்தால் சாதாரண செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் கெடுத்துவிடும். அதற்கென்றே தனி ஒட்டுநாடா உண்டு.

பதிவை வேவ் என்னும் வடிவில் சேமியுங்கள். ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 635 மெகாபைட் ஆகும். 32 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் ஐம்பது மணி நேரம் அடங்கிவிடும். எம்.பி.3 வடிவம் இடத்தை மிச்சப்படுத்த ஒலியில் ஒரு பகுதியைக் களைந்துவிடுகிறது. உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும், மூலமாக வைத்துக்கொள்ள ஆகாது. முன்னரே ஆடாசிட்டியைக் கையாண்டவர்கள் மற்றொன்றைக் கவனிக்க. 2021-க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு சிறு கோப்பும், அதனருகே ஒரு தரவு உறையுமாக வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கும். சிறு கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கணினியை விற்றவர்களிடம் மிஞ்சியது பெயர் மட்டுமே. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பில் அடங்குகிறது.

இரைச்சலை நீக்கும் வசதியும் அதில் உண்டு. பேச்சில்லாத சில வினாடிகளைக் காட்டி, இதுதான் இரைச்சல் என்று கற்பித்தால், பதிவு முழுவதிலும் அதைக் குறைத்துவிடும். மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டுமே இதைச் செய்யுங்கள். பேராசைப்பட்டு முழுவதும் துடைக்கப் புகுந்தால், குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். தொலைவில் சேவல் கூவுவதும், பக்கத்து வீட்டு வானொலி கேட்பதும், யாரோ ‘சாப்பிட வாங்க’ என்றழைப்பதும் அந்த வீட்டின் அந்த நாளுக்கு உரியவை. நான் அவற்றைத் துடைக்கமாட்டேன்.

இதுவரை சொன்னது கணினிக்கு வெளியே உள்ள வழி. உள்ளேயும் வழிகள் உண்டு. நாடாவில் பேசுவோர் யாரென்று அறிந்தவர் கனடாவிலுள்ள பெரியப்பா ஒருவரே என்று வைத்துக்கொள்வோம். அவரைக் காணொலியில் அழைத்துப் பதிவைக் கேட்கச் செய்ய வேண்டும். ஒலிபெருக்கியில் போட்டு ஒலிவாங்கியில் பிடித்து அனுப்பினால் பாதி தேய்ந்துபோகும். அதைவிட, ஆடாசிட்டியிலிருந்து வெளிவரும் ஒலியை நேரே அழைப்பு மென்பொருளின் உள்வாயிலுக்குத் திருப்பிவிடலாம், வாய்க்கால் நீரை மதகு மாற்றித் திருப்புவதுபோல. ஜூமில் திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிர்க என்னும் கட்டத்தைக் குறித்தாலே பெரும்பாலும் போதும். அது போதாதவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளாக விளங்கும் மென்பொருள்கள் உண்டு: விண்டோஸில் வி.பி. கேபிள், மேக்கில் பிளாக்ஹோல். லினக்ஸில் பைப்வயர் என்பதோடு, வழிகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் துணைக்கருவிகளும் உள்ளன. ஒன்றில் மட்டும் விழிப்பாயிருங்கள். பெரியப்பாவின் குரல் வெளிவரும் வழியையும் அதே கம்பியில் இணைத்துவிட்டால், கோவிலில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்ததுபோல் ஒலி தன்னையே சுற்றி ஊளையிடும். அவர் பேசுவதையும் பதிவு செய்வதாயின் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் உள்ளூரிலேயே இருந்தால் அவர்களை அருகில் உட்கார்த்தி, நாடாவைச் சிறிது சிறிதாக ஓட்டி, இது யார், எந்த வீடு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விளக்கத்தையும் தனிக் கோப்பாகப் பதிந்து, கோப்பின் பெயரிலேயே பேசியவர் பெயரையும் ஆண்டையும் இடுங்கள். பிரதிகளை இரண்டு வீடுகளிலேனும் வையுங்கள். பெரியவர் பேசும்பொழுது மட்டும், கணினியின் பட்டியலில் யூ.எஸ்.பி. பெட்டியை விடுத்து ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுங்கள்; மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.