ஐந்து வெள்ளிச் சிகிச்சையும் நாற்பது வெள்ளிப் பயணமும்

நம் நாட்டு அரசு மருத்துவமனைகளைப் பற்றி நமக்கு ஒரு பெருமை உண்டு. குடிமக்கள் பொது வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளி கட்டினால் போதும். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய ஏற்பாடுதான் இது. ஆனால், அந்த மருத்துவமனை வாசல்வரை வந்து சேர ஓர் ஏழை நோயாளிக்கு என்ன செலவாகும் என்பது எந்தக் கட்டணப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத அந்தக் கணக்கைப் பற்றிச் சில செய்திகளை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நானும் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையில் ஓடியாடியவன்தான். கடந்த சில ஆண்டுகளாக நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு வேனின் கால அட்டவணையைக் கவனித்து வருகிறேன். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள நோயாளிகளை ஈப்போவுக்கு அழைத்துச் சென்று, சிகிச்சை முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் வேன் அது. உள்ளூரில் இடம் கிடைக்காதவர்களும், பெரிய மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்களும் எங்களோடு வருகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். சொந்தக் கார் உள்ளவருக்கு அது ஒரு தூரமே இல்லை. கார் இல்லாதவருக்கு அதுவே ஒரு மலை.

அவசரம் வேறு, அவசியம் வேறு

நெஞ்சுவலி வந்தாலோ விபத்து நேர்ந்தாலோ 999-ஐ அழைக்கிறோம்; ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால், மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆம்புலன்சில் போவதில்லை. இரத்தச் சுத்திகரிப்பு, புற்றுநோய்க்கான மருந்தேற்றல், நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், கண் பரிசோதனை, பக்கவாதத்திற்குப் பிந்திய உடற்பயிற்சி என்று நாள் குறிக்கப்பட்ட சிகிச்சைகளுக்கே போகிறார்கள். இவற்றை 'அவசரமல்லாத' பயணங்கள் என்று மருத்துவத் துறை வகைப்படுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் அதை 'அவசியமல்லாத' என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள். சிக்கலே இங்குதான் தொடங்குகிறது. அவசரமல்லாத பயணத்தைத் தவறவிட்டவர்தான் நான்கு நாள் கழித்து ஆம்புலன்சில் போகிறார்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இரத்தச் சுத்திகரிப்பு, அதாவது டயாலிசிஸ். நம் சிறுநீரகங்கள் இரவு பகலாக ஓய்வின்றிச் செய்யும் வேலையை இயந்திரம் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட நாள்களில் உடலில் நீர் தேங்குகிறது, பொட்டாசியம் ஏறுகிறது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். வாரத்தில் வரும் இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இந்நோயாளிகளிடையே மரணம் அதிகம் நிகழ்கிறது என்பதை அமெரிக்காவில் 2011-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அப்படியென்றால், வெள்ளிக்கிழமை சிகிச்சை பெற்ற ஒருவர் திங்கட்கிழமை வண்டி கிடைக்காமல் வீட்டில் இருந்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை புதன்கிழமைதான். அவருடைய இடைவெளி ஐந்து நாள் ஆகிவிடுகிறது.

மலேசியாவில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000-க்கும் அதிகம். சிறுநீரகச் செயலிழப்புக்கு இங்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எனவே, இது யாரோ சிலருடைய பிரச்சினை அன்று. நம்மில் பலருடைய வீட்டிலேயே இருப்பது.

ஒரு மாதக் கணக்கு

வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. மாதத்திற்கு 13 முறை. போக வர ஒரு காருக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 520 வெள்ளி. 2025-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். ஒருவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை பயணத்திற்கே போய்விடுகிறது. தகுதியுள்ளோருக்குச் சுத்திகரிப்புச் செலவைச் சொக்சோ ஏற்கிறது. வேறு உதவிகளும் உண்டு. அவை பெரும்பாலும் சிகிச்சைக்கான உதவிகள். வழிச்செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

இதோடு முடியவில்லை. தனியாகப் போக முடியாதவருக்கு மகனோ மகளோ துணை போக வேண்டும். நாள்கூலிக்காரர் என்றால் அன்றைய கூலி போயிற்று. மாதத்தில் 13 நாள் விடுப்பு கொடுக்கும் முதலாளி யார்? பல வீடுகளில் முதலில் வேலையை விடுவது மகள்தான் என்பதை நான் கண்கூடாகப் பார்த்து வருகிறேன்.

தோட்டத்து லோரி போன பிறகு

தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு டிரஸ்ஸரை நினைவிருக்கும். தொழிலாளர்களுக்குத் தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்பது ஆங்கிலேயர் காலத்திலேயே சட்டமாக இருந்தது. வசதியின் தரம் எப்படி இருந்தது என்பது வேறு கதை. ஆனால், நோய் முற்றினால் ஏற்றிச் செல்ல தோட்டத்து வண்டி ஒன்று இருந்தது. வேலை, வீடு, மருந்து, வண்டி எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கயிறு அறுந்தது. வீட்டுக்காகவாவது போராட்டம் நடந்தது, இழப்பீடு கேட்கப்பட்டது. வண்டிக்காக யாரும் கேட்கவில்லை. இன்று பலர் வாழ்வது மின்தூக்கி இல்லாத மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில். காலை இழந்த ஒருவருக்கு நான்காவது மாடியிலிருந்து தரைக்கு வருவதே ஒரு பயணம். அதற்குப் பிறகுதான் 30 கிலோமீட்டர்.

மூன்று வழிகள்

உலக நாடுகள் இச்சிக்கலை மூன்று வழிகளில் தீர்க்க முயல்கின்றன.

முதலாவது, வழிச்செலவைத் திருப்பித் தருவது. பிரிட்டனில் வருமானம் குறைந்த நோயாளிகள் சிறப்புச் சிகிச்சைக்குச் சென்று வந்த செலவைத் தேசியச் சுகாதாரச் சேவையிடமிருந்து திரும்பப் பெறலாம். எளிய வழிதான். ஆனால், வண்டியே வராத ஊரில் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படி இறங்க முடியாதவருக்குப் பணம் கைகொடுக்குமே தவிர, தோள்கொடுக்காது.

இரண்டாவது, வண்டியையே ஏற்பாடு செய்வது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' திட்டத்தின்கீழ், சிகிச்சைக்குச் செல்ல வழியில்லாதவருக்குப் போக்குவரத்தை உறுதிசெய்வது மாநிலங்களின் கடமை. நெடுங்காலம் விதியாக மட்டும் இருந்த இதை 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்த நிதிச் சட்டம் நேரடியாகச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அண்டை நாடான சிங்கப்பூரில், துணையாளரோடு கூடிய மருத்துவப் போக்குவரத்துச் சேவையைச் சமூகநல அமைப்புகள் நடத்துகின்றன; குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசு மானியம் கிடைக்கிறது. அங்கே வண்டியோடு ஓர் ஆளும் வருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, பயணத்தையே குறைப்பது. இதில் நம் நாடு பின்தங்கவில்லை. தொடர் மருந்துகளை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கிலேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அஞ்சல் வழி பெறும் வசதியும் உண்டு. மருந்துக்காக மட்டும் மாதந்தோறும் ஈப்போ போகும் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள். மருந்தகப் பிரிவில் கேட்டாலே போதும். அதேபோல், வயிற்றறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையும் உண்டு. வாரம் மூன்று பயணம் என்பது மாதத்திற்கு ஓரிரு பயணமாகக் குறையும். ஆனால், அதற்குச் சுத்தமான இடமும், செய்முறையைத் தவறாமல் பின்பற்றும் கைகளும் வேண்டும். எல்லாருக்கும் பொருந்தாது, மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேன் ஓட்டுவது எளிது

வேன் வாங்குவதும் ஓட்டுவதும் எளிது என்பதே என் அனுபவம். வாசலிலிருந்து வாசல்வரை என்பதைவிட, நாற்காலியிலிருந்து நாற்காலிவரை என்று சிந்திப்பதுதான் கடினம். வீட்டு நாற்காலியிலிருந்து எழுப்பி, படி இறக்கி, வண்டியில் ஏற்றி, சிகிச்சை நாற்காலியில் அமர வைப்பதுவரை ஒரே பயணம்.

திரும்பும் பயணத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. சுத்திகரிப்பு முடிந்ததும் பலருக்கு இரத்த அழுத்தம் இறங்கும். எழுந்தவுடன் தலை சுற்றும். அதனால் சற்று நேரம் உட்கார வைத்துத்தான் அழைத்து வர வேண்டும். ஊசி குத்திய இடத்தில் மீண்டும் இரத்தம் கசிந்தால் அங்கேயே அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தக்குழாயை இணைத்து அறுவை செய்த கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அந்தக் கையில் பை மாட்டவும் கூடாது. இவற்றை எங்கள் ஓட்டுநர்கள் அனைவரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் அது பொதுப் போக்குவரத்துச் சேவை. 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதனால் நாங்கள் பயணிகளிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. எண்ணெய்ச் செலவு நன்கொடையாளர்களுடையது. காப்புறுதி நிறுவனத்திடம் வண்டியின் பயன்பாட்டை முன்கூட்டியே தெரிவித்துவிடுவதும் முக்கியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தொடர்ச்சி. டயாலிசிஸ் பயணத்தில் ஒரு வசதி உண்டு. திங்கள்-புதன்-வெள்ளி அல்லது செவ்வாய்-வியாழன்-சனி என்று ஓராண்டு அட்டவணையை இன்றே எழுதிவிடலாம். அதே வசதிதான் சுமையும்கூட. எங்கள் வேனில் வரும் ஓர் ஐயா ஒருமுறை சொன்னார்: "தம்பி, மிஷினுக்குத் தீபாவளி தெரியாது." அந்த ஆண்டு தீபாவளியன்றும் வேன் ஓடியது, முறுக்கு டப்பாவோடு ஓடியது.

மாணவர்கள் எங்கே வருகிறார்கள்?

சமூகச் சேவை என்றதும் நம் பேரவைகளுக்கு ஒருநாள் மருத்துவ முகாம் நினைவுக்கு வரும். அதில் பயன் இல்லாமலில்லை. ஆனால், முகாமில் சர்க்கரை அளவு பார்த்துக் கடிதம் கொடுக்கப்பட்ட பாட்டி, அந்தக் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போனாரா? எப்படிப் போனார்? இக்கேள்வியை நாம் கேட்பதில்லை.

மாணவர்கள் வேன் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வு வாரத்தில் மாணவர்கள் வரமாட்டார்கள், வரவும் கூடாது. நோயாளியோ அந்த வாரமும் போயாக வேண்டும். நாள்தோறும் ஓட வேண்டிய வேலையைச் சம்பளம் வாங்கும் ஓட்டுநரிடமும் ஊரில் இருக்கும் பெரியவர்களிடமும் விட்டுவிடலாம். உங்களால் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள் வேறு இருக்கின்றன.

முதல் நாள் மாலை தொலைபேசியில் அழைத்து "நாளைக்கு வர்றீங்களா, பாட்டி?" என்று கேட்பது ஒரு வேலை, வெற்று ஓட்டங்களை அதுவே பெரிதும் குறைக்கிறது. சொக்சோ, சமூகநல இலாகா பாரங்களை நிரப்பிக் கொடுப்பது இன்னொரு வேலை. மூன்றாவது வேலை, சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாளில் துணையாகப் போவது. மருத்துவர் மலாயில் சொன்னதைத் தமிழில் விளக்கி, அடுத்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, மருந்தகத்தில் எண் எடுத்து நிற்பதற்கு ஒரு பிள்ளை வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரே ஒரு பாட்டி போதும். அந்தத் தேதி முன்கூட்டியே தெரியும். உங்கள் தேர்வுத் தேதியும் தெரியும். இரண்டையும் பொருத்திப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்ட நாளில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பேரவையில் 30 பேர் இருந்தால், 30 பாட்டிகளுக்கு வழி பிறக்கும். அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்.