இடுப்பு வலியோடு சேர்ந்து வரும் படபடப்பு

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் வீடுகளில் இடுப்பு வலி இல்லாத பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களிடமும் இதே பேச்சுதான். மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து, முதுகு குனிந்தபடியே வேலை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது அதோடு வந்து ஒட்டிக்கொள்ளும் இன்னொரு தொந்தரவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, வயித்தைப் பிசையுது, ராத்திரி கண்ணை மூடினா என்னமோ ஆகப்போகுதுன்னு பயமா இருக்கு." இப்படிச் சொல்லும் சகோதரிகளில் பலர் அதற்கு முன்பே ஒரு வருடமோ இரண்டு வருடமோ இடுப்பு வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இசிஜி எடுப்பார்கள், இதயம் நன்றாக இருக்கும். "உங்களுக்கு ஒன்னும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சொல்லே வினையாகிவிடுகிறது. ஒன்றும் இல்லை என்றால் நடிக்கிறாள் என்று மாமியார் நினைக்கிறார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உம்மா பயப்படுகிறார். தனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறதோ என்று அந்தச் சகோதரி உள்ளுக்குள் அரண்டுபோகிறார்.

இந்த மூன்றுமே இல்லை. மருத்துவத்தில் இதற்கு மனப்பதற்றம் என்று பெயர். நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. வலியும் நிஜம், படபடப்பும் நிஜம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றுக்கு மட்டும் மருந்து சாப்பிடுவதால்தான் பலருக்குக் குணமாவது தள்ளிப்போகிறது.

வலி எப்படிப் பயமாகிறது

இடுப்பு வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இன்ன நோய்தான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. தசை, மூட்டு, தூக்கம், வேலை, கவலை எல்லாம் கலந்த வலி அது.

வலி என்பது உடம்பின் எச்சரிக்கை மணி. நாள்பட்ட வலியில் அந்த மணியின் சத்தம் கூடிவிடுகிறது. மைக் செட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டால் லேசாகத் தொண்டையைச் செருமினாலும் தெருவே அதிருமல்லவா, அதுபோல. தசையில் ஏற்படும் சின்ன இழுப்பைக்கூட நரம்பு மண்டலம் பெரிய ஆபத்தாக மூளைக்குச் சொல்கிறது. ஆபத்து என்றதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வாய் உலர்கிறது, தசைகள் இறுகுகின்றன. இறுகும் தசைகளில் இடுப்புத் தசையும் ஒன்று. அதனால் வலி இன்னும் கூடுகிறது. கூடிய வலியைப் பார்த்துப் பயமும் கூடுகிறது. இதற்கு நடுவில் தூக்கம் கெட்டுவிட்டால், வலியைத் தாங்கும் சக்தி மறுநாள் இன்னும் குறைந்துபோகும்.

பீடி சுற்றுகிறவர்களுக்கு இதில் இன்னொரு சேர்க்கையும் உண்டு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையில் வருகிறது. உட்கார முடியவில்லை என்றால் எண்ணிக்கை இல்லை, குழுக் கடனுக்குத் தவணை இல்லை. இடுப்பில் ஒரு சுளுக்கு வந்ததும் மனசு நேராகத் தவணை நாளுக்குப் போய் நிற்பதில் என்ன ஆச்சரியம்? புகையிலைத் தூளில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடியது. அதுவும் இதயத் துடிப்பைக் கூட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடுவதும், நாளெல்லாம் தேநீர் குடித்தே வேலை செய்வதும் படபடப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

குனியப் பயப்படுவது

வலியைவிட அதிகமாக முடக்கிப்போடுவது அசையப் பயப்படுவதுதான். "குனிஞ்சா டிஸ்க் வெளியே வந்துடும்" என்று யாரோ சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து குடம் தூக்குவதில்லை, பேருந்தில் ஏறுவதில்லை, கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. அசையாத தசை பலவீனமாகும். பலவீனமான தசை சின்ன வேலைக்கே வலிக்கும். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மனசு அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

தொழுகையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ருகூவும் ஸஜ்தாவும் செய்தால் இடுப்பு போய்விடும் என்று பயந்து நாற்காலிக்கு மாறியவர்கள் நம்மில் உண்டு. முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ நமக்கு அனுமதி இருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில் குற்ற உணர்வு வேண்டியதில்லை. அந்தக் குற்ற உணர்வும் பதற்றத்தைக் கூட்டுகிறது என்பதால் இதைச் சொல்கிறோம். ஆனால் வலி தணிந்த பிறகும் பயத்தினால் மட்டும் நாற்காலியிலேயே இருக்கிறோமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சரி என்றால் முதலில் ஒரு வேளைத் தொழுகையில் மட்டும், கையைத் தரையில் ஊன்றி மெதுவாக இறங்கிப் பாருங்கள். சில வாரங்களில் இரண்டு வேளை, மூன்று வேளை என்று கூட்டலாம். குனிந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு தானே அறிந்துகொள்வதற்கு ஈடான மருந்து குறைவு.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்கள் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் பணம் கேட்பது உண்டு. தேவையான இடத்தில் அது உயிர் காக்கும். ஆனால் முடிவில் "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று எழுதியிருந்தால் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கும், 50 வயதினரில் 80 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றம் அது.

எப்போது தாமதிக்கக் கூடாது

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகிய இவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ எடை குறைவதோ இடுப்பு வலியோடு சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோய் உண்டா என்று பார்ப்பது நம் நாட்டில் மிக அவசியம். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்த முதியவர்களும் தாமதிக்கக் கூடாது. நெஞ்சு வலி முதல் முறையாக வந்தால், குறிப்பாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வந்தால், பதற்றம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பைத் தரும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகு, உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக, நிலைகொள்ளாமல் இருந்தது? எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியாமல் போனது? ஒவ்வொன்றுக்கும், இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

"இப்படி வாழ்றதுக்கு மௌத்தாகிடலாம்" என்ற எண்ணம் சிலருக்கு வரும். அது ஹராம் என்று தெரிந்திருப்பதாலேயே நம் சகோதரிகள் அதை யாரிடமும் சொல்வதில்லை. எண்ணம் வருவது நோயின் அறிகுறி. அதற்காக யாரும் உங்களைப் பாவியாகப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லுங்கள், அன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

என்ன செய்யலாம்

உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான விளக்கம், மனநல ஆலோசனை ஆகியவை அதில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. நாம் கடையில் வாங்கிக் கட்டும் இடுப்பு பெல்ட்டும், எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கின்றன.

வேலையை விடச் சொல்வது சுலபம், யாரால் முடியும்? அதனால் வேலை செய்யும் விதத்தை மாற்றுவோம். சுவரில் சாய்ந்து, ஒரு மடித்த போர்வைமேல் உட்காருங்கள். சுளகை மடியில் வைக்காமல் சின்ன மணைமேல் வைத்தால் குனிவது குறையும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் நாலு நடை நடங்கள். வலி வந்ததும் எழுவது என்று வைத்துக்கொள்ளாமல் கடிகாரத்தைப் பார்த்து எழ வேண்டும். வலி இல்லாத நாளில் விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது நம் பெண்களின் வழக்கம். அதை விட்டால் பாதி சிக்கல் தீரும். தெருவில் நடக்கத் தயங்குகிறவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. சுபுஹுக்குப் பிறகு 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம்.

படபடப்பு வரும்போது மூச்சை 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு தணிவது தெரியும்.

மாத்திரை விஷயத்தில்தான் எங்களுக்குப் பெரிய கவலை. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் மாதக்கணக்கில் போனால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். நோன்புக் காலத்தில் வெறும் வயிற்றில் அதைப் போடுவது இன்னும் மோசம். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளுக்கு உடம்பு பழகிவிடும். ஆனால் பல மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பதற்றத்துக்கென்று மனநல மருத்துவர் தரும் மருந்துகளில் பெரும்பாலானவை இப்படி அடிமையாக்குபவை அல்ல. அவற்றில் சில வலியையும் சேர்த்தே குறைக்கும். பலன் தெரிய சில வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடக் கூடாது. ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் மனதுக்கு ஆறுதல் தரும். அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

வளைகுடாவிலிருந்து தினமும் போன் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இன்னும் வலிக்குதா?" என்று தினமும் கேட்டால் வலியின் நினைப்பே வளரும். "இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தே?" என்று கேட்டுப் பாருங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் பிசியோதெரபியும் ஒரே வளாகத்தில், கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு முக்கூடலில் மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே போக முடியாதவர்களுக்குப் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இடுப்பு வலிக்கு ஒரு மருத்துவரிடமும் படபடப்புக்கு இன்னொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லாமல், இருவரிடமும் இரண்டையும் சொல்லுங்கள்.