கியர் பாக்ஸை இறக்கும் முன்: பழைய லாரியின் சத்தத்தை எப்படிப் படிப்பது

பழைய லாரியில் கியர் பாக்ஸ் பக்கம் சத்தம் வந்தால் பட்டறையில் முதலில் கேட்கும் வார்த்தை, "இறக்கிப் பாத்துடலாம்ணே". இறக்குவது சின்ன வேலை இல்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றணும், ஒரு ஆளால் தூக்க முடியாத பெட்டியை ஜாக்கி வைத்து இறக்கணும், பிரிக்கணும். அத்தனை நாளும் வண்டி ஓடாது, ஆனால் தவணை தேதி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் பிரித்த பிறகு பெட்டி நன்றாக இருக்கு, கோளாறு பின்னால் சென்டர் பேரிங்கில் என்று தெரிந்தால், சொந்த வண்டி வைத்து ஓட்டுபவருக்கு அது பெரிய அடி.

கியர் பாக்ஸில் ஒரு வசதி உண்டு. மூடியைத் திறக்காமலே உள்ளே எந்த பாகம் சுற்றணும், எது நிற்கணும், எது பாரம் சுமக்கணும் என்பதை நாமே மாற்ற முடியும். கிளட்ச் பெடல், கியர் லீவர், ஆக்ஸிலேட்டர் மூன்றும் மூன்று சுவிட்ச் மாதிரி. ஒவ்வொரு நிலையிலும் சத்தம் இருக்கா இல்லையா என்று குறித்துக் கொண்டே போனால் சந்தேகப் பட்டியல் பாதி பாதியாகக் குறையும். புரோகிராமில் பிழை தேடும் முறையும் இதேதான்.

உள்ளே எது எப்போது சுற்றும்?

நான் இங்கே எடுத்துக் கொள்வது 5 கியர் கொண்ட, டாப் கியர் நேரடியாக (1:1) உள்ள பழைய டீசல் லாரிப் பெட்டி. இன்ஜின் சுழற்சி கிளட்ச் வழியாக இன்புட் ஷாஃப்ட்டுக்கு வருகிறது. அதன் முனையில் உள்ள பல்சக்கரம் கீழே இருக்கும் கவுண்ட்டர் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. கவுண்ட்டர் ஷாஃப்ட்டின் சக்கரங்கள் மேலே மெயின் ஷாஃப்ட்டில் உள்ள சக்கரங்களோடு எப்போதும் பல் கோத்தபடியே இருக்கும். ஆனால் மேலே உள்ள சக்கரங்கள் ஷாஃப்ட் மேல் சும்மா உருளும். நாம் கியர் போடும்போது ஒரு ஸ்லீவ் நகர்ந்து, அதில் ஒன்றை மட்டும் ஷாஃப்ட்டோடு பூட்டுகிறது. அவ்வளவுதான். பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று "விழுவது" இல்லை.

டாப் கியரில் மட்டும் கதை வேறு. இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேராகவே பூட்டிக் கொள்ளும். கவுண்ட்டர் ஷாஃப்ட் சுற்றும், ஆனால் பாரம் சுமக்காது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், கண்டுபிடிப்பில் பாதி இதில்தான் இருக்கு.

வண்டி நின்றபடி

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள்.

கால் எடுத்த நிலையில் உறுமல் இருந்து, கிளட்சை முழுக்க மிதித்ததும் அடங்கினால்: இன்புட் ஷாஃப்ட் பேரிங், கவுண்ட்டர் ஷாஃப்ட் பேரிங்குகள், அல்லது இன்புட் ஷாஃப்ட்டுக்குள் மெயின் ஷாஃப்ட் முனை உட்காரும் பேரிங். மிதித்ததும் இவை நின்று போவதால்தான் சத்தமும் நிற்கிறது.

கால் எடுத்தால் அமைதி, மிதித்தால் சத்தம் என்றால் பெட்டிக்கு வெளியே பாருங்கள். பெடலை லேசாகத் தொட்டதுமே கிறீச்சென்றால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து கியரும் போட்டு நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் கேட்டால், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங். ஏன்? கிளட்ச் பிடித்திருக்கும்போது கிராங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும், பைலட் பேரிங்குக்கு வேலையே கிடையாது. ஒன்று சுற்றி மற்றது நிற்கும்போதுதான் அது உருளும்.

ஓட்டிப் பார்க்கும்போது

எல்லா கியரிலும் சத்தம், டாப் கியரில் மட்டும் கணிசமாகக் குறைகிறது என்றால், கவுண்ட்டர் ஷாஃப்ட் அல்லது இரண்டு ஷாஃப்ட்டும் சந்திக்கும் அந்த உள் பேரிங். காரணம் மேலே சொன்னதுதான்: டாப்பில் ஒன்றுக்குப் பாரம் இல்லை, மற்றதற்கு உருளல் இல்லை.

ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிச் சக்கரங்கள், அல்லது அதற்குக் கீழே உள்ள பேரிங். ஊளை மாதிரி தொடர்ச்சியாக வந்தால் பல் தேய்மானம். "டக், டக்" என்று தாளம் தப்பாமல் வந்தால் பல் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தாளத்தை எண்ணவும் முடியும். இன்ஜின் 600 ஆர்பிஎம்மில், ஆக்ஸிலேட்டர் தொடாமல், இரண்டாவது கியரில் வண்டி ஊர்கிறது என்று வைத்துக் கொள்வோம். முதல் ஜோடி கவுண்ட்டர் ஷாஃப்ட் வேகத்தைப் பாதியாக்கினால் அது 300 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 5 சுற்று. இரண்டாவது கியரின் மொத்த விகிதம் 4 என்றால் மெயின் ஷாஃப்ட் 150 ஆர்பிஎம், நொடிக்கு 2.5 சுற்று. மொபைலில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுக் கேளுங்கள். 4 நொடியில் 20 தட்டல் என்றால் உடைந்த பல் கீழே, 10 என்றால் மேலே. உங்கள் வண்டியின் விகிதத்தை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துப் போட்டுக் கொள்ளணும்.

அடுத்து, பின்பக்கத்தைப் பிரிக்கணும். ஆளில்லாத சமதள ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், சில நொடிகள் மட்டும் கிளட்சை மிதித்து நியூட்ரல் ஆக்குங்கள். இன்ஜினை நிறுத்தவே கூடாது, பிரேக்குக்குக் காற்று வேண்டும். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் சத்தம் வண்டி வேகத்தோடேயே ஓடினால், மெயின் ஷாஃப்ட்டின் பின் பேரிங், சென்டர் பேரிங், ஹவுசிங், வீல் பேரிங் இவற்றில் ஒன்று. மிதித்தால் ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல் என்று ஊளை மாறினால் கிரவுன் பினியனைப் பாருங்கள். கிளம்பும்போது மட்டும் "டங்" என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்.

கர்ர்ர் என்று கியர் விழ மறுத்தால்

இங்கே கிளட்சையும் சின்க்ரோவையும் குழப்பிக் கொள்வது சகஜம். வண்டி நிற்கும்போது கிளட்சை முழுக்க மிதித்து, 10 நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் உள்ளே எல்லாம் நின்றிருக்கணும். அப்பவும் கர்ர்ர் என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. பெடல் அட்ஜஸ்ட்மென்ட், ஹைட்ராலிக்கில் காற்று என்று செலவு குறைவான இடத்திலிருந்து தேடலாம்.

ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, ஓட்டத்தில் மூன்றாவது மட்டும் கர்ர்ர் என்றால் அந்த கியரின் சின்க்ரோ ரிங். உறுதி செய்ய டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். அப்போது வழுக்கிக் கொண்டு விழுந்தால் சக்கரத்தில் கோளாறு இல்லை, வேகத்தைச் சமன்படுத்தும் ரிங்தான் தேய்ந்திருக்கு. 1928-இல் காடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் வந்தது. அதற்கு முன்பு எல்லோரும், அதன் பிறகும் ரொம்ப காலம் லாரி டிரைவர்கள், அந்த ரிங்கின் வேலையைக் காலாலேயே செய்து கொண்டிருந்தார்கள். அதனால் இந்தக் கோளாறை வைத்துக் கொண்டு கொஞ்ச நாள் ஓட்டலாம்.

கியர் தானாகக் கழன்றால்

இதை வைத்துக் கொண்டு ஓட்டக் கூடாது. தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் லோடு வண்டியைப் பாதி பிடித்து வைத்திருப்பது கியர்தான். அது கழன்றால் மொத்த எடையும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் சூடேறினால் பிரேக் பிடிப்பு குறையும். வண்டி வேகமெடுத்து விட்டால் அந்தக் குறைந்த கியரைத் திரும்பப் போடவும் முடியாது, ஷாஃப்ட்டுகளின் வேகம் அவ்வளவு விலகியிருக்கும்.

முதலில் வெளியே பாருங்கள்: இன்ஜின் மவுண்டிங், லீவர் லிங்கேஜ், பெட்டியைப் பிடிக்கும் போல்ட்டுகள். அவை சரியென்றால், சமதளத்தில் லீவர் மேல் லேசாகக் கை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதோ விடும்போதோ லீவர் கையைப் பலமாகத் தள்ளினால், பூட்டும் பற்களின் முனை மழுங்கியிருக்கலாம், அல்லது ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது. தள்ளாமல், குலுங்கலில் நழுவி வந்தால் லீவரைப் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் முதல் சந்தேகம். பல பெட்டிகளில் இதை மேல் மூடியைக் கழற்றியே மாற்றி விடலாம், பெட்டியை இறக்க வேண்டாம்.

ஆயில் சொல்லும் சாட்சி

சத்தத்தில் கிடைத்த முடிவை ஆயிலில் சரிபார்க்கணும். வண்டி ஓடி சூடாக இருக்கும்போது வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். டிரெய்ன் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது சாதாரணம். மெல்லிய செதில்கள் பேரிங்கிலிருந்து வந்தவை. கெட்டியான துண்டு என்றால் பல். பொன் நிறத்தில் மினுங்கினால் சின்க்ரோ ரிங்கோ புஷ்ஷோ. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் பிளக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கு.

துண்டு கிடைத்தாலோ கியர் கழன்றாலோ அன்றோடு லோடு ஏற்றுவதை நிறுத்தணும். அந்தத் துண்டு இன்னொரு ஜோடிப் பல்லுக்கு நடுவே போனால் ஒரு சக்கரச் செலவு முழுப் பெட்டிச் செலவாகும்.

கட்டி இழுத்துப் போவதாக இருந்தால், முதலில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். இந்தப் பெட்டிகளில் ஆயிலை மேலே வாரி இறைப்பது கவுண்ட்டர் ஷாஃப்ட். இன்ஜின் ஓடாமல் இழுத்தால் மேலே மெயின் ஷாஃப்ட் சுற்றும், கீழே கவுண்ட்டர் ஷாஃப்ட் நிற்கும். நல்லா இருந்த பேரிங்கும் வழியிலேயே காய்ந்து எரியும்.

பட்டறைக்குப் போகும்போது "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நியூட்ரலில் வருது, கிளட்ச் மிதிச்சா நிக்குது, டாப்புல குறையுது, ஆயில்ல செதில் இருந்தது" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் பாதி வேலை முடிந்தது என்று சந்தோஷப்படுவார். மற்றவர் தேவையில்லாத பாகத்தை மாற்ற யோசிப்பார்.